வாக்கும் தண்ணீரும் அமானத்



நகராட்சித் தேர்தல் வருகிறது. நிற்பவர் யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று பார்க்கிறோம். நம் கிணறுகள் ஏன் உப்பாகின்றன என்று அவரிடம் கேட்பதில்லை. கடலோர ஊரில் நல்ல நீரை அளவுமீறி உறிஞ்சினால், அந்த இடத்துக்குக் கடல்நீர் வந்துவிடும். மழைநீர் மண்ணில் இறங்கினால்தான் அதைத் தடுக்க முடியும். தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானது.

"ஊருணிக்கு வரும் வாய்க்காலைத் தூர்வாருவீர்களா? அதில் சாக்கடை கலப்பதை நிறுத்துவீர்களா? எப்போது?" என்று கேட்போம்.

உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு வக்ஃபு செய்தார்கள். நாங்களோ கோடையில் லாரித் தண்ணீர் கொடுப்பதோடு நின்றுவிட்டோம். பள்ளிவாசலில் உளூ செய்த தண்ணீரும் சாக்கடைக்கே போகிறது. அதை உறிஞ்சுகுழிக்குத் திருப்புவது எங்கள் பொறுப்பு. வாக்கைக் காசுக்கு விற்காமலிருப்பது நம் எல்லோர் பொறுப்பு. அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.