ஓட்டமும் பேச்சும்: தாங்குதிறனை அளத்தல்



உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு 2.4 கிலோமீட்டர் ஓட்டம் புதிதன்று. கடிகாரம் காட்டும் நேரத்தைக் கொண்டே தாங்குதிறனை மதிப்பிடுகிறோம். 1968இல் அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் வெளியிட்ட 12 நிமிட ஓட்டச் சோதனையும் இவ்வகையினதே. பலதரப்பட்டோர் கலந்த கூட்டத்தில் வலியாரையும் மெலியாரையும் பிரித்தறிய இவை போதும். பல்லாண்டு பயின்ற ஓட்டக்காரரிடத்தில்தான் சிக்கல் எழுகிறது.

ஆய்வுக்கூடத்தில் டிரெட்மில் மீது ஓட வைத்து, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனை அளப்பர். ஒரு நிலைக்கு மேல் அது உயர்வதில்லை. அவ்வுச்சமே தாங்குதிறன் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்கர் ஸ்டீவ் பிரீபான்டெய்னின் உச்சம், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்திற்கு 84.4 மில்லிலிட்டர், ஃபிராங்க் ஷார்ட்டருக்கோ 71 அளவே. எனினும் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நெட்டோட்டத் தங்கம் வென்றவர் ஷார்ட்டர். 5,000 மீட்டரில் பிரீபான்டெய்ன் நான்காமவர். இருவர் ஓடிய தொலைவும் வேறு என்பது மெய்யே. ஆயினும் உச்சம் குறைந்தவர் உலக அரங்கில் பின்தங்கவில்லை.

காரணம் யாது? உச்சத்தில் எத்தனை விழுக்காட்டில் நெடுநேரம் நிலைத்து ஓட முடிகிறது, ஒரே வேகத்திற்கு எவ்வளவு குறைவாக ஆக்சிஜன் செலவாகிறது என்னும் இரண்டும் உச்சத்தோடு சேர்கின்றன. முன்னதை அறியவே, விரல்நுனியில் துளிக் குருதி எடுத்து, எவ்வேகத்தில் லாக்டேட் விரைந்து பெருகத் தொடங்குகிறது என்று பார்க்கின்றனர்.

பள்ளித் திடலில் இக்கருவிகள் இல்லை. 220இலிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்பின் உச்சத்தைக் கணிப்பதை நாம் அவ்வளவாக நம்புவதற்கில்லை. ஒரே வயதினரிடையே அது பத்துத் துடிப்புக்கு மேலும் வேறுபடும். நம் ஊர் வெயிலிலோ, வேகம் மாறாதபோதும் துடிப்பு ஏறிக்கொண்டே போகும்.

கைவசம் உள்ள கருவி பேச்சு. பேசுவதற்கு வெளிமூச்சை நீட்டி அடக்கியாள வேண்டும். உழைப்பு மிகுந்து, கரியமில வாயுவை விரைந்து வெளியேற்றும் கட்டாயம் வந்ததும் வாக்கியம் துண்டுபடுகிறது. முழு வாக்கியம் தடையின்றி வந்தால் அது எளிய ஓட்டம். ஓரிரு சொல்லே வந்தால் கடின ஓட்டம். எளிதாக ஓட வேண்டிய நாளையும் கடின நாளாக்கி, போட்டிக்கு முன்பே களைத்துப்போகும் மாணவர் பலர்.

ஆகவே ஆசிரியர்களே, அடுத்த சுற்றுக்கு ஏவுமுன் ஒரு கேள்வி கேளுங்கள். விடை சுருங்கினால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். வெயிலில் ஓடிய மாணவரின் விடை குழறினாலோ பொருந்தாமல் வந்தாலோ அதைக் களைப்பென்று எண்ணாதீர்கள், வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உடனே ஓட்டத்தை நிறுத்தி, நிழலில் கிடத்தி, நீரூற்றி உடலைக் குளிர்வித்து, அவசர மருத்துவ உதவியை அழையுங்கள்.