பிள்ளையின் உயரம் பொய் சொல்லாது

மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அறியப் பொருளாதாரக் கணக்கு மட்டும் போதாது. அவர்களின் பிள்ளைகளை அளந்து பார்க்க வேண்டும். ஒரு வாரக் காய்ச்சலில் எடை குறையும்; பிறகு ஏறிவிடும். உயரம் அப்படியல்ல. மாதக்கணக்கில் சத்துணவு இல்லாமல், அடிக்கடி நோயில் விழும் பிள்ளைதான் வயதுக்கேற்ற உயரம் எட்டாமல் நின்றுவிடுகிறது. இதுவே வளர்ச்சி குன்றல்.

எல்லோரும் சமம் என்று முழங்கியது கம்யூனிஸ்டு வட கொரியா. 1990-களின் பஞ்சத்திற்குப் பின், 1998-இல் அனைத்துலக அமைப்புகள் அங்குள்ள பிள்ளைகளை அளந்தன. ஏழு வயதுக்குட்பட்டோரில் பத்துக்கு ஆறு பேர் வளர்ச்சி குன்றியிருந்தனர். 2017-இல் ஐந்து வயதுக்குட்பட்டோரிடையே இது 19 விழுக்காடு. அப்போதும் தலைநகரில் 10, மலைப்பகுதியான ரியாங்காங்கில் 32. முழக்கத்தில் இருந்த சமத்துவம் சோற்றுத் தட்டுக்கு வரவில்லை.

ஆனால், 1957-இல் கம்யூனிஸ்டுகளைத் தேர்தல்வழி ஆட்சியில் அமர்த்திய கேரளத்தில் கதை வேறு. பின்னர் ஆட்சி மாறி மாறி வந்தாலும் மருத்துவமனையும் பள்ளியும் ரேஷன் கடையும் நிலைத்தன. 2019-21 ஆய்வில் அங்கு 23.4 விழுக்காடு, இந்தியா முழுமைக்கும் 35.5.

நாம் மார்தட்டிக்கொள்ள முடியுமா? மலேசியாவில் 2022 தேசிய சுகாதார ஆய்வின்படி 21.2 விழுக்காடு! பஞ்சம் இல்லாத நாட்டில் ஐந்தில் ஒரு பிள்ளை. கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடிகளில் யுனிசெப் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 22 விழுக்காட்டினர் குன்றியிருந்தனர். 23 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிப் பருத்திருந்தனர். வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை.

புந்தோங்கிலும் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களிலும் இதை யோசிக்க வேண்டும். தோட்ட வாழ்க்கை வறுமைதான். ஆயினும் லயத்து ஓரத்தில் முருங்கையும் கீரையும் கோழியும் இருந்தன. இன்று அவசரத்திற்கு மெகியும் கட்டிப்பாலும் கைக்கு வருகின்றன. கட்டிப்பாலில் மிகுந்திருப்பது சீனியே.

பள்ளியின் துணை உணவுத் திட்டம் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் கிடைக்கிறது. கருவில் தொடங்கி இரண்டு வயது வரையிலான ஆயிரம் நாளில்தான் குன்றல் பெரிதும் நிகழ்கிறது. ஆகவே பெற்றோரே, கிளினிக் கொடுக்கும் குழந்தைப் பதிவேட்டில் எடையோடு உயரக் கோட்டையும் பாருங்கள். கோடு தாழ்ந்தால் தாதியிடம் காரணம் கேளுங்கள். தினமும் ஒரு முட்டை, கொஞ்சம் நெத்திலி, பருப்பு கொடுங்கள்.

அதுகூட வாங்க இயலாத வீட்டைக் கண்டறிந்து உதவுவது அரசுக்கும் பொது இயக்கங்களுக்கும் கடமை.