பெருந்தொற்றும் மருத்துவக் காப்பீடும்



தமிழ் கற்பித்தவனுக்குக் காப்பீட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். 2021 மே மாதத்தில் என் துணைவியார் பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தார், நலமாகத் திரும்பினார். ஆனால் கட்டணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் காப்பீட்டு நிறுவனம் கழித்துவிட்டது. பாதுகாப்பு உடைக்கும் கையுறைக்கும் பணம் தர இயலாது என்று எழுதியிருந்தார்கள். அன்று எழுந்த சினமே இப்பொருளைக் கற்கத் தூண்டியது.

ஓராண்டில் நூறு பேரில் சிலரே நோயுறுவர் என்னும் கணக்கின்மேல் நிற்பது காப்பீடு. ஒருவருக்கு எலும்பு முறிந்தால் அடுத்த வீட்டாருக்கும் முறிவதில்லை. பெருந்தொற்றில் அக்கணக்கு நில்லாது. தெருவே ஒரே வாரத்தில் படுக்கையில் விழும்.

ஆயினும் முதலில் வந்தது நட்டம் அன்று, இலாபம். 2020இல் ஊரடங்கு வந்ததும் கண்புரை, மூட்டு மாற்று போன்ற அறுவைச் சிகிச்சைகளை மக்கள் ஒத்திவைத்தனர். பிரீமியம் வந்தது; கோரிக்கை குறைந்தது. அமெரிக்காவின் யுனைடெட்ஹெல்த் நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஈட்டிய நிகர இலாபம் ஏறத்தாழ 660 கோடி டாலர். முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதத்தைவிட இருமடங்கு! பிரீமியத்தில் 80 அல்லது 85 விழுக்காட்டையேனும் மருத்துவத்துக்குச் செலவிடாத நிறுவனம் குறையும் தொகையை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். நமக்கு அத்தகைய விதி இல்லை என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்க.

நம் நாட்டில் 2020 ஜூலையில் 'கொரோனா கவச்', 'கொரோனா ரக்‌ஷக்' என இரு பாலிசிகள் வந்தன. முன்னது ஆன செலவை ஈடுசெய்தது. பின்னது 72 மணி நேரம் மருத்துவமனையில் இருந்தால் ஒரே தொகையாகத் தந்தது. பின்னர் இரண்டாம் அலை அடித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனம் 2021-22 நிதியாண்டில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் கண்டது. அலை ஓய்ந்த மறு ஆண்டே 600 கோடிக்கு மேல் இலாபம் கண்டது.

தாய்லாந்தின் கதை வேறு. தொற்று உறுதியானாலே முழுத்தொகை என்னும் பாலிசிகளைச் சில நிறுவனங்கள் மலிவு விலையில் விற்றுக் குவித்தன. மருத்துவமனைக்கே போகவேண்டியதில்லை, பரிசோதனைச் சீட்டு ஒன்று போதும். டெல்டா வந்தது, ஓமிக்ரான் வந்தது. 2022 ஏப்ரலுக்குள் நான்கு நிறுவனங்கள் உரிமத்தை இழந்தன. தைவானிலும் இத்தகைய பாலிசிகளால் நிறுவனங்கள் பெருநட்டம் அடைந்தன. கிருமி எங்கும் ஒன்றே. கொடுத்த வாக்குத்தான் வேறு.

இதைக் கற்றபின் என் சினம் தீரவில்லை. பாதி இடம் மாறியது. கையுறைக்குப் பணம் மறுத்தவர்மேல் இருந்ததில் ஒரு பங்கு, நாள்தோறும் பாதுகாப்பு உடைக்கென்று ஒரு தொகை எழுதிய மருத்துவமனைமேல் சென்றது. அவ்வுடையோடு மருத்துவர் எங்கள் அறைக்கு மட்டுமா வந்தார்?

நட்டத்தின் சுமை பிறகு யார்மேல் இறங்கியது? பிரீமியம் ஏறியது, முதியோர்க்கு மிகுதியாக ஏறியது. 60 அகவை கடந்தோர்க்கு ஓராண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதாயின் தன்னைக் கலந்தே செய்யவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில்தான் ஆணையிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் புதுப்பிப்புக் கடிதத்தைச் சென்ற ஆண்டுக் கடிதத்தோடு வைத்துப் பாருங்கள். 10 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

இவ்வாண்டு என் பாலிசியைப் புதுப்பிக்குமுன் கையுறை என்னும் சொல்லைத் தேடினேன். கடைசிப் பக்கங்களில், பணம் தரப்படாத பொருள்களின் பட்டியலில் இருந்தது. படிக்க மூக்குக்கண்ணாடி போதவில்லை, பேரனை அழைத்தேன்.