பத்தாவது காசு

(பொதுக்காலம் 24ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 15:1-10. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்றைய நற்செய்தியில் ஒரு பெண் காசு தேடுகிறார். அவரிடம் இருந்தவை பத்து திராக்மாக்கள். திராக்மா என்பது கிரேக்க வெள்ளி நாணயம். ஏறத்தாழ ஒரு தொழிலாளியின் ஒருநாள் கூலி. அதில் ஒன்று காணாமல் போகிறது. அவர் விளக்கேற்றுகிறார், வீட்டைக் கூட்டுகிறார், கிடைக்கும்வரை தேடுகிறார்.

காசு தேடும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. திருப்பரங்குன்றத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பல வீடுகளில் உண்டியலை உடைத்துச் சில்லறையைப் பாயில் கொட்டியதும், முதலில் எண்ணுவதில்லை. பழைய காசு ஏதும் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாடு வந்தபோது, 1943 முதல் 1947 வரை நடுவில் துளையிட்டு அடித்த ஓட்டைக் காலணா. 1957 ஏப்ரலில் வந்த செம்பு நிற நயா பைசா. தாமரைப் பூ பொறித்த மஞ்சள் நிற 20 காசு. இவற்றில் ஒன்று கிடைத்தால் தாத்தா, பாட்டி முகத்தில் வரும் மகிழ்ச்சி தனி.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். வங்கியில் ஐம்பது ஐம்பதாகச் சுருட்டிய ஒரு சென்ட் காசுகளை வாங்கிப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆண்டைப் பார்க்கிறார்கள். 1982க்கு முந்தைய சென்ட் காசில் 95 விழுக்காடு செம்பு. பிந்தியவை செம்பு முலாம் பூசிய துத்தநாகம். காசின் மதிப்பைவிட அதிலுள்ள செம்பின் விலை அதிகம் என்பதால், செம்புக் காசை எடுத்துக்கொண்டு மற்றதை வங்கிக்கே திருப்பிவிடுகிறார்கள். அங்கே அதை உருக்கத் தடை இருக்கிறது. நம் நாட்டிலும் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி காசை உருக்குவது குற்றம்.

அன்பர்களே, இவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பாருங்கள். உலோகம் தேடுகிறவர் செம்பைப் பார்க்கிறார். அவருக்குக் காசு வெறும் எடை. சேகரிப்பவர் அரிதானதைப் பார்க்கிறார். மற்றவற்றோடு ஒத்திருக்கும் காசு அவருக்கு வேண்டாம். நற்செய்தியில் வரும் பெண்ணோ இந்த இருவரைப் போல இல்லை. காணாமற்போன பத்தாவது காசு, கையிலிருக்கும் ஒன்பதைப் போன்றதே. அதில் கூடுதல் வெள்ளி இல்லை, அபூர்வ முத்திரை இல்லை. அது தன்னுடையது என்பதற்காக மட்டுமே தேடுகிறார். கடவுள் நம்மைத் தேடுவதும் இப்படித்தான். நம்மிடம் என்ன திறமை, என்ன ஆதாயம் என்று பார்த்து அவர் தேடுவதில்லை. நாம் அவருடையவர்கள், அது போதும்.

பத்து ரூபாய் நாணயத்துக்கு நம் பகுதியில் என்ன நேர்ந்தது என்பதும் நமக்குத் தெரியும். செல்லாது என்று யாரோ சொல்ல, கடைகளிலும் பேருந்துகளிலும் வாங்க மறுத்தார்கள். வெளிவந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் கொடுத்தது. அதற்குப் பிறகும் தயக்கம் தீரவில்லை. காசில் குறை இல்லை. குறை நம் பேச்சில் இருந்தது. மனிதர்களையும் நாம் இப்படிச் செல்லாக் காசாக்கவில்லையா? குடியை விட்டுத் திருந்தி வந்தவரைப் பழைய பெயராலேயே அழைக்கிறோம். வேறு சாதியில் மணமுடித்த மகளை வீட்டு வாசலில் நிறுத்துகிறோம். கணவரை இழந்த பெண்ணை நல்ல காரியங்களில் ஒதுக்குகிறோம். அவர்களைச் செல்லாது என்று சொன்னது யார்? ஒவ்வொருவரையும் கடவுள் தம் உருவில் படைத்தார் என்று தொடக்கநூல் கூறுகிறது. திருமுழுக்கில் பெற்ற முத்திரை அழியாதது என்று திருச்சபை கற்பிக்கிறது. எந்த ஊர்ப் பேச்சும் அதை அழித்துவிட முடியாது.

அழுக்கு மறைக்கலாம், அழிக்காது. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்த பழைய செப்புக் காசு ஒன்றில் ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் பாண்டியரின் மீன் சின்னம். அதில் தமிழ்-பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற சங்க காலப் பாண்டியர் பெயர் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பாசிக்கும் களிம்புக்கும் அடியில் மன்னன் பெயர் அப்படியே கிடந்தது. பொறுமையாகப் பார்க்கும் ஒரு கண்தான் தேவைப்பட்டது.

இன்னொன்றையும் கவனிப்போம். ஆடு காட்டில் தொலைந்தது. காசு வீட்டுக்குள்ளேயே தொலைந்தது. ஆடு கத்தும், காசு கத்தாது. நம் வீட்டிலேயே, நம் கோவிலிலேயே சத்தமில்லாமல் தொலைந்தவர்கள் இருக்கிறார்கள். மூன்று வேளையும் சோறு கிடைக்கும், பேச ஆளில்லாத முதியவர். தேர்வில் தோற்று அறையை விட்டு வெளிவராத பிள்ளை. கடன்தொல்லையால் கோவில் பக்கம் வரக் கூச்சப்படும் குடும்பம். இவர்கள் 'என்னைத் தேடுங்கள்' என்று கேட்கமாட்டார்கள். விளக்கை ஏற்ற வேண்டியது நாம்தான். கூட்டும்போது புழுதி பறக்கும். பழைய சண்டைகள் கிளம்பும். புழுதிக்குப் பயந்தால் காசு கிடைக்காது.

ஆகவே இந்த வாரம் ஒவ்வொரு அன்பியமும் தன் குடும்பங்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். வருகிறவர்களை எண்ணுவது எளிது. வராதவர் யார் என்று பெயர் சொல்லி எண்ணுவோம். அந்த வீட்டுக்கு இருவர் போகட்டும். 'ஏன் வரவில்லை' என்று கேட்கவேண்டாம். 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டு, அவர்கள் தரும் காப்பியைக் குடித்துவிட்டு வருவோம். அவர்கள் திரும்பி வரும் நாளில் அந்தப் பெண்ணைப் போல அண்டை வீட்டாரையும் கூப்பிட்டு மகிழ்வோம். மனம் மாறும் ஒருவரைக் குறித்து விண்ணகத்தில் மகிழ்ச்சி உண்டாகும் என்றார் நம் ஆண்டவர்.

செபிப்போம்: எங்களைத் தேடிவந்த இறைவா, எங்கள் வீட்டின் இருண்ட மூலைகளில் விளக்கேற்ற எங்களுக்குத் துணிவு தாரும். நாங்கள் செல்லாது என்று ஒதுக்கியவர்களிடம் உம் உருவைக் காணும் கண்களைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.