நகத்தளவு நெகட்டிவ்

சுண்டுவிரல் நகத்தின் அளவே உள்ள பிலிமிலிருந்து, கையில் ஏந்திப் பார்க்கத்தக்க ஒரு நிழற்படத்தை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ள முடியும். ஓய்வு நேரங்களில் இக்கலையில் நான் ஈடுபட்டு வருகிறேன். கருவி சிறுத்தால் உழைப்பும் குறையும் என்று பலரும் கருதுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. படம் சிறுக்கச் சிறுக்க நம் கவனம் பெருக வேண்டும்.

இவ்வகைக் காமிராக்களுள் புகழ்பெற்றது மினாக்ஸ். 1905-இல் ரீகா நகரில் பிறந்த வால்டர் ஸாப் என்பவர் இதனை வகுத்தார். இதன் முதல் மாதிரி 1936-இல் உருவாயிற்று. 1938-இல் ரீகாவின் வி.இ.எப். தொழிற்சாலையிலிருந்து இது விற்பனைக்கு வந்தது. உலகப் போருக்குப் பின்னர் ஜெர்மனியில் இதன் உற்பத்தி தொடர்ந்தது. ஒற்றர்கள் கையாண்டதால் ‘ஒற்றர் காமிரா’ என்ற பெயர் இதற்கு ஏற்பட்டது. ஸாப் விரும்பியதோ, எவரும் எப்போதும் உடன்கொண்டு செல்லக்கூடிய ஒரு காமிராவையே.

இதில் விழும் நெகட்டிவின் அளவு 8 மில்லிமீட்டருக்கு 11 மில்லிமீட்டர். வழக்கமான 35 மில்லிமீட்டர் பிலிமில் விழும் படத்தின் பரப்பில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஒருவருடைய முழு உருவத்தையும் இச்சிறு சட்டத்தில் நிறைத்து எடுத்தால், அவர் முகத்தின் நீளம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு கண்ணின் அகலம் 0.2 மில்லிமீட்டர். நெகட்டிவில் ஒட்டிய தூசி 0.1 மில்லிமீட்டர் இருந்தால், அக்கண்ணில் பாதி மறைந்துபோகும். பத்து மடங்கு பெரிதாக்கும்போது அத்தூசியும் ஒரு மில்லிமீட்டர் வெண்புள்ளியாக வந்து நிற்கும். உங்கள் பாட்டியாரின் முகத்தைப் படம் எடுத்திருந்தால், இந்த இழப்பு சிறியதென்று சொல்வீர்களா?

ஆகவே முதற்படியிலிருந்தே விழிப்பு வேண்டும். இதற்குரிய பிலிம் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. 35 மில்லிமீட்டர் பிலிமின் இரு ஓரத் துளைகளுக்கும் இடைப்பட்ட பகுதியை, கத்திகள் பொருத்திய சிறு கருவியால், 9.2 மில்லிமீட்டர் அகலமுள்ள இரு பட்டைகளாக நான் பிளந்துகொள்கிறேன். இவ்வேலை முழு இருட்டில் நடைபெற வேண்டும். விரல் பட்டையின் ஓரத்தை மட்டுமே தொடலாம். பிலிமின் வெள்ளி மணிகளும் படத்தோடு பெரிதாகும் ஆதலால், வேகம் குறைந்த, நுண்மணி பிலிமையே தேர்ந்தெடுக்க வேண்டும். அத்தகைய பிலிமுக்கு வெளிச்சம் மிகுதியாகத் தேவை. கை நடுங்கினால் படம் கலங்கிவிடும். சுவரிலோ தூணிலோ சாய்ந்து நின்று எடுப்பது நலம்.

அடுத்தது கழுவும் வேலை. ஒளி புகாத சிறு டாங்கியில் பிலிமை இட்டு, முதலில் டெவலப்பரையும், பின்னர் ஹைப்போவையும் ஊற்றி, இறுதியில் நல்ல நீரில் நன்றாக அலச வேண்டும். டெவலப்பர் 20 டிகிரி சென்டிகிரேடில் இருப்பது உத்தமம். நம் கோடையில் குழாய் நீரே 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அவ்வெப்பத்தில் படம் விரைந்து கறுக்கும். பிலிமின் மீதுள்ள ஜெலட்டின் பூச்சு இளகி, இலேசாக உராய்ந்தாலும் கீறல் விழும். மண்பானை நீர் நிறைந்த தாம்பாளத்தில் எல்லாப் புட்டிகளையும் நிறுத்தி, வேண்டுமானால் பனிக்கட்டியும் சேர்த்து, ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவருவது என் வழக்கம். உலர்த்துவதற்கு மின்விசிறி ஆகாது. அது தூசியை வாரிக் கொண்டுவரும். தரையை நனைத்து, கதவை அடைத்த குளியலறையே தகுந்த இடம்.

இக்காலக் கைபேசிகள் பலவற்றில் ஒளியை வாங்கும் பரப்பு இந்நெகட்டிவைவிடவும் சிறியது. அங்கே நடைபெறும் திருத்தமெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாமல் நடைபெறுகிறது. இங்கோ வெட்டுவதும், அளப்பதும், குளிர்விப்பதும், கழுவுவதும் நம் கைகளே. இரசாயனமும் பௌதிகமும் பாடப்புத்தகத்தை விட்டு இறங்கி, வீட்டுக் குளியலறைக்கே வந்துவிடுகின்றன. பள்ளியிலோ கல்லூரியிலோ பழைய காமிரா ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால், ஆசிரியரின் அனுமதி பெற்று, ஒரு சுருளேனும் நீங்களே எடுத்துக் கழுவிப் பாருங்கள். ஒரு படம் தெளிவாக வந்தாலும் போதும். அது எப்படி வந்தது என்பது முழுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.