அரபியில் வரும் தீர்ப்பு



நான் இராமநாதபுரம் மாவட்டத்து அபிராமத்துக்காரன். எங்கள் ஊரில் பல வீடுகளில் ஒருவராவது கடல் தாண்டியிருப்பார். தாத்தா காலத்தில் பர்மா, மலாயா. இப்போது துபாய், ஷார்ஜா, ரியாத். அங்கிருந்து பணம் வரும், பெட்டி வரும். சில ஆண்டுகளாகத் துபாய், ஷார்ஜாவிலிருந்து தீர்ப்பும் வரலாம். பட்டம் பெறும் இளம் வழக்கறிஞர்களே, உங்களில் எத்தனை பேர் அதற்குத் தயார் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

2020 ஜனவரி 17 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி, எந்தெந்த நாட்டுத் தீர்ப்புகளை நம் நீதிமன்றங்களில் நேரடியாக நிறைவேற்றலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. சிங்கப்பூரும் மலேசியாவும் அதில் பழைய ஆட்கள். அன்று ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்தது. துபாயில் வங்கிக் கடன் வாங்கியவர் வேலை போய் ஊர் திரும்புகிறார் என்று வையுங்கள். அங்கே அவர் இல்லாமலே வழக்கு முடிகிறது. முன்பானால் வங்கி இங்கே புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது சான்றிட்ட நகலை எடுத்துக்கொண்டு இராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு (இ.பி.) போட்டால் போதும். அபிராமத்து வீட்டை ஜப்தி செய்யக் கேட்கலாம்.

அந்த மனிதர் முதலில் ஓடிவருவது உங்களிடம்தான். கையில் ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். அது அரபியில் இருக்கும். துபாயின் நிதி மையத்துக்கென்று ஆங்கிலத்தில் நடக்கும் தனி நீதிமன்றம் உண்டு. ஆனால் சாதாரண ஆளின் கடன் வழக்கு பெரும்பாலும் அங்கே போவதில்லை.

அவரைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? இருந்தால் அது அதே சட்டத்தின் 13ஆவது பிரிவில் இருக்கிறது. வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போதெல்லாம் நம்மைக் கட்டுப்படுத்தாது என்று அது ஆறு காரணங்களைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று, வழக்கின் உள்ளடக்கத்தை ஆராயாமல் தந்த தீர்ப்பு. பிரதிவாதி வரவில்லை என்பதற்காகவே, சாட்சியத்தைப் பார்க்காமல் தந்த ஒருதலைத் தீர்ப்பு செல்லாது என்று இன்டர்நேஷனல் உல்லன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல் சொன்னது. துபாய் நீதிபதி கடன் பத்திரத்தையும் கணக்கையும் பார்த்தாரா, பார்க்காமல் முடித்தாரா? நோட்டீஸ் எந்த முகவரிக்குப் போனது? விடை அந்த அரபிப் பக்கங்களில் இருக்கிறது. வங்கி கொடுக்கும் மொழிபெயர்ப்பை வைத்து வங்கியை எதிர்த்து வாதாடப் போகிறீர்களா?

எங்கள் ஊரில் ஓதப் போன பிள்ளைகள் எல்லோருக்கும் அரபி எழுத்து தெரியும். பக்கத்துக் கீழக்கரையில் தமிழையே அரபி எழுத்தில் எழுதிய ஆலிம்கள் இருந்தார்கள். ஆகவே அந்தத் தீர்ப்பின் எழுத்துகளை அடையாளம் காண ஊரில் நிறையப் பேர் கிடைப்பார்கள். வாதி யார், எவ்வளவு வட்டி, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று சொல்லத்தான் ஆள் தேட வேண்டும். பாதிக் கிணறு தாண்டி நிற்கும் மாவட்டம் இது. மீதிப் பாதியைத் தாண்டச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபித் துறை இருக்கிறது, திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் இருக்கிறது. கவிதை எழுதும் அளவுக்கு வேண்டாம். தீர்ப்பு, பவர் பத்திரம், வேலை ஒப்பந்தம், மணவிலக்குச் சான்று, இந்த நான்கையும் படித்துப் புரிந்துகொள்ளும் அளவு போதும்.

இராமேசுவரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு மொழி சொல்வேன்: சிங்களம். இலங்கையில் பிடிபடும் நம் மீனவர்களின் வழக்குகள் அங்கே மன்னாரிலும் ஊர்காவற்றுறையிலும் நடக்கின்றன. அங்கே நீதிமன்ற மொழி தமிழ்தானே என்று சும்மா இருந்துவிடுகிறோம். ஆனால் தமிழ், சிங்கள வாசகங்கள் முரண்பட்டால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்று இலங்கைச் சட்டங்கள் பலவற்றில் எழுதியிருக்கிறது. மேல்முறையீடு கொழும்பு வரை போகலாம். அயல்நாட்டுப் படகுகள் பற்றிய அவர்களது 1979ஆம் ஆண்டுச் சட்டத்தை 2018இல் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தினார்கள். நீங்கள் அங்கே வாதாட முடியாதுதான். படகின் பதிவுச் சான்று, உரிமையாளரின் அதிகாரப் பத்திரம் எல்லாம் இங்கே தயாராகின்றன. அங்குள்ள வழக்கறிஞரோடு பேசுவதும் நீங்கள்தான்.

மொழி இருக்கட்டும், சொந்த நாட்டுச் சட்டமே மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் கொலைக்கு 302 இல்லை, பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. ஏமாற்றுபவனை நாம் திட்டும் 420கூட 318க்குள் போய்விட்டது. திட்டு மட்டும் மாறாது என்று நினைக்கிறேன். அந்தத் தேதிக்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். எனவே பல ஆண்டுகளுக்கு இரண்டு புத்தகமும் மேசையில் கிடக்கும். வளைகுடாவிலிருந்து கணவன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைத் தாக்கல் செய்யப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்று கொடுத்துப் பழகிய சீனியர்கள், இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் இரண்டு பகுதிச் சான்று கொடுக்க வேண்டும். ஒரு பகுதியில் நிபுணரின் கையெழுத்து. தலைமறைவாகிப் பிரகடனம் செய்யப்பட்டவர் இல்லாமலே விசாரணை நடத்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 356ஆம் பிரிவு வழி செய்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்காக வழக்கு பற்றிக் கேட்டு வரும் தாயிடம் இதை முதல் நாளே சொல்லியாக வேண்டும்.

சிங்கப்பூரில் வழக்கறிஞர்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பயிற்சி உண்டு. இங்கே அகில இந்திய பார் தேர்வை ஒருமுறை தாண்டினால், சாகும்வரை யாரும் நம்மைக் கேள்வி கேட்க மாட்டார்கள். இது சுதந்திரம் இல்லை, கட்சிக்காரர் தலையில் கட்டும் ஆபத்து என்பது என் கருத்து. முன்வரிசையில் இருக்கும் வழக்கறிஞர் சங்க நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறேன்: மாதம் ஒரு சனிக்கிழமை மாலை சங்க நூலகத்தைத் திறந்து கொடுங்கள். ஒரு மணி நேரம் புதிய தீர்ப்புகள், ஒரு மணி நேரம் அரபி. சொல்லித்தர மதரசா ஆசிரியர் ஒருவரும் வளைகுடாவில் அலுவலக வேலை பார்த்துத் திரும்பியவர் ஒருவரும் போதும். பாடப்புத்தகமாக ஒரு பழைய துபாய்த் தீர்ப்பின் நகலை, பெயர்களை அழித்துவிட்டு, நான் தருகிறேன்.