விஞ்ஞானம் கற்பிப்போரின் கூட்டு

திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு எளிதில் வேகுவதில்லை, சோப்பு நுரைப்பதில்லை. இதனை அறியாத தாய்மார் அங்கு எவரும் இலர். ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியே வரும் நீரை மட்டும் "நல்ல தண்ணீர்" என்று தனிப் பானையில் பிடித்து வைப்பார்கள். ஒரு நாள் என் வகுப்பில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இரண்டும் மழையாகப் பெய்த நீர்தானே? ஒன்றில் வேகும் பருப்பு மற்றொன்றில் ஏன் வேகவில்லை?" என்று கேட்டாள்.

பாடநூலில் கடின நீரைப் பற்றி ஒரு பத்தி உண்டு. மலைச்சரிவில் விரைந்தோடித் தேங்கும் நீரில் உப்புகள் கரைய அவகாசம் குறைவு. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீரிலோ கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுதியாகக் கரைந்திருக்கும். அவை சோப்புடன் கூடித் திரைந்து போகின்றன. ஆகையால் நுரை எழுவதில்லை. இவ்வளவு சொல்லிவிடலாம். ஆனால் அவள் கேட்டது சோப்பைப் பற்றியன்று, பருப்பைப் பற்றி. பருப்பின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் என்னும் பொருளைக் கால்சியம் இறுகச் செய்கிறது என்பது விடை. அதைச் சொல்லத் தாவரவியலும் வேதியியலும் ஒருங்கே தெரிந்திருக்க வேண்டும். கிராமத்து நடுநிலைப் பள்ளியிலோ விலங்கியல் பட்டம் பெற்றவரே மின்சாரமும் கற்பிப்பார், அமிலமும் காரமும் கற்பிப்பார். அவருக்குப் பக்கத்து அறையில் உசாவுவதற்கு வேறொரு விஞ்ஞான ஆசிரியர் இருப்பதில்லை. அப்போது பெரும்பாலும் என்ன நேர்கிறதென்றால், "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்" என்ற சொல் பிறக்கிறது. உட்கார்ந்த பிள்ளை மறுபடியும் எழுந்து கேட்பது அரிது.

ஆசிரியரின் அறியாமையை நான் பெருங்குறையாகக் கருதவில்லை. அறியாதபோது கேட்பதற்கு அவருக்கு ஓர் இடம் இல்லை என்பதே குறை. மருத்துவர்களுக்குச் சங்கம் உண்டு, வழக்கறிஞர்களுக்கு உண்டு. விஞ்ஞான ஆசிரியர்கள் ஊதியத்திற்கும் இடமாறுதலுக்கும் அல்லாமல், தம் வகுப்பறையைப் பற்றிப் பேசுவதற்கென்றே கூடுவது இயலுமா?

பிற நாடுகளில் இது பழைய வழக்கமே. இங்கிலாந்தில் விஞ்ஞான ஆசிரியர்களின் சங்கம் 1901-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. 1919 முதல் அவர்களுக்கென ஒரு சஞ்சிகை வெளிவருகிறது. நமக்கு நெருக்கமான உதாரணம் மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் என வழங்கும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு அங்கே கிஷோர் பாரதி, ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு தொண்டு நிறுவனங்கள் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில், சோதனை செய்தே விஞ்ஞானம் பயிலும் முறையைத் தொடங்கின. 1978-இல் அது மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் பரவியது. 1982-இல் தோன்றிய ஏகலவ்யா என்னும் அமைப்பு பின்னர் அதன் பொறுப்பை ஏற்றது.

அம்முயற்சியில் என் மனத்தைக் கவர்ந்தது அதன் கருவிப் பெட்டியன்று, மாதாந்தரக் கூட்டமே. அண்டைப் பள்ளிகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் மாதம் ஒரு முறை ஓரிடத்தில் கூடுவர். எந்தச் சோதனை வரவில்லை, எந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் திகைத்தனர் என்று சொல்லுவர். அவ்வாறு சொல்லப்பட்டவை பாடநூலை எழுதியோரிடம் சென்றன. நூலும் திருத்தம் பெற்றது. வகுப்பில் சோதனை தோற்றுப் போனதை ஓர் ஆசிரியர் கூசாமல் சொல்ல முடிந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். மேலதிகாரி குறிப்பெடுத்துக் கொண்டிருக்கும் கூட்டத்தில் யார் அப்படிச் சொல்வார்? முப்பது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டம் 2002-இல் மாநில அரசின் ஆணையால் நிறுத்தப்பட்டது. ஓர் ஆணையால் நின்றுவிடக்கூடிய அமைப்பு எவ்வளவு நல்லதாயினும், அதன் வேர் ஆசிரியர்களின் கைக்கு முழுவதும் வந்து சேரவில்லை என்றே நான் நினைக்கிறேன். இதில் மாறுபடுவோரும் இருப்பர்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அதன் துளிர் இதழும் பல ஆசிரியர்களை ஒன்று சேர்த்தன. 2022 நவம்பரில் அரசு வானவில் மன்றத்தைத் தொடங்கிச் சோதனைப் பொருள்களைப் பள்ளிகளுக்கே கொண்டு சென்றது. இவற்றோடு இன்று எல்லாருடைய சட்டைப் பையிலும் கைபேசி இருக்கிறது; இருநூறு ஆசிரியர்கள் கொண்ட குழுக்கள் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் நானும் இருக்கிறேன். காலை வணக்கமும், பூங்கொத்தும், சுற்றறிக்கையும் வந்து குவிய, எங்கோ நடுவில் ஒருவர் கேட்ட ஐயம் மாலைக்குள் புதைந்து போகும். அது பேருந்து நிலையத்தில் நின்று வீட்டு விஷயம் பேசுவதைப் போன்றது. இருபது பேர் போதும் என்பது என் கட்சி. கேட்பவர் தாம் கண்டதைச் சொல்லிக் கேட்க வேண்டும். விடை சொல்பவர் தாம் செய்து பார்த்ததா, படித்ததா என்று சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் ஒருவர் அவற்றைத் தொகுத்து ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பருவத்திற்கு ஒரு முறையேனும் முகம் பார்த்துக் கூட வேண்டும்; முகமறியாதவரிடம் தம் அறியாமையை ஒப்புக்கொள்ள யாரும் துணிவதில்லை.

இதனால் கிடைக்கும் பயன் ஐயம் தெளிவது மட்டுமா? ஆசிரியர் ஒருவர் தனித்துச் செய்யவே முடியாத சோதனைகள் சில உண்டு. பருப்பு கேட்ட பெண்ணுக்காகவே ஒன்று சொல்கிறேன். ஒரே அளவு நீர், ஒரே வகைச் சோப்புக் கரைசல், நிலைத்த நுரை வருவதற்கு எத்தனை சொட்டு வேண்டும் என்ற கணக்கு. வேடசந்தூரிலும், நத்தத்திலும், நிலக்கோட்டையிலும், ஒட்டன்சத்திரத்திலும் ஒவ்வோர் ஆசிரியர் ஒரே வாரத்தில் இதைச் செய்து எண்ணிக்கையை அனுப்பினால், மாவட்டத்தின் நீர் வரைபடம் ஒன்று மாணவர் கையாலேயே உருவாகிவிடும். தோல் பதனிடும் தொழிலின் கழிவால் உவர்ப்பேறிய கிணறுகள் எங்குள்ளன என்று ஆராயவும் அது ஒரு தொடக்கமாகும்.

இதனினும் வியப்பானது மற்றொன்று. சூரியன் திண்டுக்கல்லுக்கு நேர் உச்சியில் வருவது ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல் 17-ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 26-ஐ ஒட்டியும். அன்று நண்பகலில் செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழல் இராது. அதே நாளில் சென்னையில் ஒரு மீட்டர் கம்புக்கு ஏறத்தாழ 4.7 சென்டிமீட்டர் நிழல் விழும். அதாவது அங்கே சூரியன் உச்சியிலிருந்து 2.7 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்கு தெற்காக உள்ள தூரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். 2.7 பாகைக்கு 300 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? நாற்பதாயிரம் கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு அதுவே! இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்பவர் இந்த முறையால்தான் பூமியை அளந்தார்.

இங்கேதான் கூட்டின் அருமை விளங்கும். திண்டுக்கல் ஆசிரியர் எவ்வளவு வல்லவராயினும், சென்னையில் அவருக்கு ஒரு கம்பு நட ஆளில்லையென்றால் பூமியை அளக்க முடியாது. ஆள் இருந்தாலும் இருவரும் முன்னதாகப் பேசிக்கொள்ள வேண்டியவை பல. சாலை வழித் தூரமான 420 கிலோமீட்டரைக் கணக்கில் வைத்தால் பூமி 56,000 கிலோமீட்டராகப் பெருத்துவிடும். கடிகாரத்தில் ஒரே மணிக்கு அளப்பதும் சரியன்று; சென்னை கிழக்கே இருப்பதால் அங்கே நண்பகல் ஒன்பது நிமிடம் முந்தி வருகிறது. ஆகவே அவரவர் ஊரில் நிழல் மிகக் குறுகும் தருணத்தையே பிடிக்க வேண்டும்.

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணியளவில் திண்டுக்கல் வானில் சூரியன் ஒரு நெருப்பு வளையமாக நின்றது. வேப்பமரத்தடியில் இலைகளின் இடுக்கு வழியே விழுந்த ஒளிப்பொட்டுகள் யாவும் வளையங்களாக மாறியதை நான் கண்டேன். அரையாண்டு விடுமுறைக் காலமாதலால் பள்ளிகள் மூடியிருந்தன. பல வீடுகளின் கதவுகளும் மூடியிருந்தன. முன்னமே கூடிப் பேசியிருந்த ஆசிரியர்கள் உள்ள ஊர்களில் பிள்ளைகள் தெருவில் நின்று, உரிய வடிகட்டியின் வழியே அதைப் பார்த்தார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த மூன்று நிமிடம் இல்லாமற் போயிற்று.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை ஆசிரியராகக் கூடும். அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. உங்கள் ஆசிரியரிடம் இந்தக் கம்புச் சோதனையைச் சொல்லி, சென்னையில் ஒரு பள்ளியைத் தேடச் சொல்லுங்கள். ஏப்ரலில் பரீட்சை குறுக்கிடும், ஆகஸ்ட் ஏற்றது. கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கேட்டு வாங்கிக் கம்பு செங்குத்தாகவும் தரை சமமாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். அன்று மேகம் மூடினால் மனம் தளர வேண்டாம். சூரியன் அந்நாட்களில் நாளொன்றுக்கு ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்கே தெற்கே நகரும். ஆகையால் மறுநாள் திண்டுக்கல்லிலும் ஒரு சிறு நிழல் விழும். இரண்டு ஊராரும் அதே நாளில் அளந்து, ஒரு கோணத்தினின்று மற்றதைக் கழித்துக் கொண்டால் போதும். விடை அதே 2.7 பாகைதான்.